லங்காஷயரைக் கவிழ்த்தது கதர் மட்டுமா?

வருடா வருடம் காந்தி ஜெயந்திக்கு அந்தப் போட்டோ டைம்லைனில் வந்துவிடும். 1931 செப்டம்பர் கடைசியில், வட இங்கிலாந்தில் பருத்தி மில்கள் நிறைந்த லங்காஷயர் பகுதியின் டார்வென் ஊரில், மில் பெண்கள் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்ய, நடுவில் காந்தி போர்த்திக்கொண்டு நிற்பார். "நம் ராட்டை லங்காஷயர் மில்களை இழுத்து மூடவைத்தது, அப்படியும் வரவேற்றார்கள்" என்கிற மாதிரி கீழே ஒரு வரி இருக்கும். படிக்க நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் பிரிட்டிஷ் தொழில்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால், இது பாதிக் கதைகூட இல்லை. ராட்டைக்குப் பெருமை போவதில் எனக்கு வருத்தமில்லை. அதைச் சாக்காக வைத்து லண்டன் கனவான்கள் தப்பித்துக்கொள்வதுதான் பொறுக்கவில்லை.

அடி பலமானதுதான். 1913ல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி சுமார் 700 கோடி கெஜம். அதில் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு மட்டும். பிளாக்பர்ன், டார்வென் பக்கத்துத் தறிகளில் நம் ஆட்கள் கட்டும் வேட்டியே ஓடிக்கொண்டிருந்தது. 1938ல் மொத்த ஏற்றுமதியே சுமார் 140 கோடி கெஜம். இந்தியாவுக்கு வந்தது 30 கோடிக்கும் கீழே.

அந்த இடத்தை யார் பிடித்தார்கள்? முக்கியமாக நம் மில்கள்தான், கைராட்டை அல்ல. போருக்கு முன் சுமார் 120 கோடி கெஜம் நெய்த இந்திய மில்கள் 1930களின் கடைசியில் 400 கோடியைத் தாண்டிவிட்டன. 1917ல் போர்ச் செலவுக்குப் பணம் வேண்டி ஆங்கில அரசே துணி இறக்குமதி வரியை மூன்றரையிலிருந்து ஏழரை சதவீதமாக்கியது. லங்காஷயர் குய்யோ முறையோ என்று கத்தியும் பலிக்கவில்லை. 1931ல் பிரிட்டிஷ் துணிக்கே 25 சதவீதம். இன்னொரு பக்கம் ஜப்பான். 1933ல் துணி ஏற்றுமதி அளவில் பிரிட்டனையே முந்திவிட்டது. 1930-31 அந்நியத் துணிப் பகிஷ்காரம் வலித்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தவன் மேல் விழுந்த அடி.

தள்ளாட வைத்தது உள்ளூர்க்காரர்களின் பேராசை. போர் முடிந்ததும் 1919-20ல் துணி விலை தாறுமாறாக ஏறியது. இது நிலைக்கும் என்று நம்பி, நூற்றுக்கும் மேற்பட்ட நூல் மில்களைப் பல மடங்கு விலை பேசிக் கைமாற்றினார்கள். வங்கிக் கடன் பாதி, பங்கு பாதி. அந்தப் பங்குகளிலும் ஒரு கண்ணி இருந்தது: முகமதிப்பில் ஒரு பகுதியை இப்போது கட்டினால் போதும், மீதியைக் கம்பெனி கேட்கும்போது கட்ட வேண்டும். லங்காஷயரின் நூல் மில் ஊரான ஓல்டாம் பக்கத்தில் மில் தொழிலாளியும் பெட்டிக்கடைக்காரரும் சேமிப்பைப் போட்டு வாங்கினார்கள். சில மாதங்களிலேயே விலை சரிந்தது. அப்புறம் 1920கள் முழுக்கக் கடன்காரனுக்கு வட்டி கட்டப் பணமில்லாமல், கம்பெனிகள் பங்குதாரரிடம் மீதியைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பின. தன்னை வாரத்தில் பாதி நாள் வீட்டுக்கு அனுப்பும் மில்லுக்குத் தானே பணமும் கட்ட வேண்டும்! இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

அதோடு விட்டார்களா? 1925ல் நிதியமைச்சர் சர்ச்சில் பவுண்டின் மதிப்பை மறுபடி தங்கத்தோடு பிணைத்தார், அதுவும் போருக்கு முந்தைய பழைய விலையில்: ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர். பவுண்டின் மதிப்பு ஏறக்குறைய 10 சதவீதம் அதிகமாகிவிட்டது என்று பொருளாதார அறிஞர் கீன்ஸ் அப்போதே எழுதினார். லண்டன் வங்கிகளுக்கு அது மானப் பிரச்சினை. துணியும் நிலக்கரியும் கப்பலும் வெளிநாட்டுக்கு விற்கிறவனுக்கோ ஒரே இரவில் சரக்கு விலை ஏறின மாதிரி. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் கூலியைக் குறைக்க வேண்டும். அந்த மானத்துக்கான பில் தொழிலாளி வீட்டுக்குத்தான் போனது. 1931 செப்டம்பர் 21ல் வேறு வழியில்லாமல் அந்தத் தங்கப் பிணைப்பைக் கைவிட்டார்கள். காந்தி டார்வென் போனது அதே வாரக் கடைசியில். ஆறு வருடம் அந்தப் பெண்களின் கழுத்தில் கிடந்த கல் அந்த வாரம்தான் இறங்கியது. போட்டோவைப் பகிர்கிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

மெஷின் விஷயம் தனி வேடிக்கை. லங்காஷயர் நெசவாளி நாலு தறி பார்ப்பார். நாடாவில் (தறியில் குறுக்கே ஓடி ஊடு நூல் போடும் கட்டை) தார் (அதற்குள் இருக்கும் நூல் சுற்று) தீர்ந்தால் தறியை நிறுத்தி, புதுத் தாரைப் போட்டு, நாடாவின் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில்தான் அடுத்தவரும். அதே சமயம் ஜப்பானில் டொயோடா செய்த தறி, ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவைத் தானாக மாற்றிக்கொண்டது. 1929ல் அதன் காப்புரிமையை 1 லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது யார் தெரியுமா? உலகத்துக்கே மில் மெஷின் விற்ற ஓல்டாமின் பிளாட் பிரதர்ஸ். ஆனால் உள்ளூர் மில்காரர்களிடம் புதுத் தறி வாங்கக் காசில்லை, எல்லாம் 1920ன் கடனுக்குப் போய்விட்டது. அவர்கள் கண்டுபிடித்த சிக்கனம், பழைய தறியையே ஆளுக்கு நாலுக்குப் பதில் ஆறு, எட்டு என்று ஓட்டச் சொன்னது. லங்காஷயரின் நெசவு ஊரான பர்ன்லியில் வேலைநிறுத்தம் வெடித்தது அதனால்தான்.

சரி, அப்படியானால் மொத்த பிரிட்டனும் படுத்துவிட்டதா? அதுவும் இல்லை. தெற்கே வேறொரு நாடே எழுந்தது. ஆக்ஸ்போர்டில் மோரிஸ் கார், 1931ல் டாகன்ஹாமில் ஃபோர்டு ஆலை, மேற்கு லண்டனில் ஹூவர் வாக்குவம் கிளீனர், ஸ்லவ்வில் வரிசையாகத் தொழிற்சாலைகள். 1923ல் சுமார் 71,000 கார் செய்த நாடு, 1937ல் 4 லட்சத்தை நெருங்கியது. 1926ன் சட்டத்தால் வந்த மின் கட்டமைப்பு, 1932க்குப் பிறகு 2 சதவீத வட்டி, காருக்கு 33 சதவீதக் காப்பு வரி எல்லாம் கைகொடுத்தன. தாராள வணிகம் என்று நமக்குப் பாடம் எடுத்தவர்கள் காருக்கு வேலி போட்டுக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வடக்குக்குக் கிடைத்த கவனிப்பு வேறு ரகம். கப்பல் கட்டும் தளங்களை விலைக்கு வாங்கி மூடுவதற்கென்றே 1930ல் முதலாளிகள் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்தார்கள். மூடிய இடத்தில் 40 வருடம் கப்பல் கட்டக் கூடாது என்று நிபந்தனை. வடகிழக்கு இங்கிலாந்தில் ஜாரோ ஊரின் பால்மர்ஸ் தளம் அப்படித்தான் 1934ல் போனது. ஊரே அதை நம்பித்தான் இருந்தது. 1936ல் மில்களுக்கும் ஒரு சட்டம் வந்தது: ஓடும் மில்களிடம் வரி வசூலித்து, உபரிக் கதிர்களை (நூல் நூற்கும் ஸ்பிண்டில்களை) வாங்கி உடைப்பது. முதலாளிக்கு ஈடு உண்டு. கதிர் பார்த்தவனுக்கு அந்தச் சட்டத்தில் என்ன இருந்தது?

அதே 1936 அக்டோபரில் ஜாரோவிலிருந்து 200 பேர் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தே போனார்கள். பிரதமர் பால்ட்வின் பார்க்கவே மறுத்துவிட்டார். திரும்பி வந்தவர்களுக்கு உதவித்தொகையில் வெட்டு விழுந்தது. காரணம், நடந்துகொண்டிருந்த நாட்களில் அவர்கள் "வேலைக்குத் தயாராக" இல்லையாம்.