சாம் பார்க்கர் அந்தக் கடிதங்களில்தான் இருக்கிறார்

இயற்பியல் படித்தவர்களுக்கு ‘ஹென்றி’ என்றால் மின்தூண்டலின் அலகு. அந்தப் பெயருக்குரிய ஜோசப் ஹென்றி, நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் 1797இல் பிறந்தவர். அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஆராய்ச்சிக்குக் கிடைத்தது கோடை விடுமுறை மட்டும்தான். 1832இல் பிரின்ஸ்டன் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். 1846இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் என்ற அறிவியல் நிறுவனத்தின் முதல் செயலாளர், அதாவது தலைவர், ஆனார்.

“கட்டுரைகள்தான் அச்சில் இருக்கின்றனவே, பழைய கடிதங்களையும் நோட்டுகளையும் எதற்குக் கட்டிக் காக்க வேண்டும்?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. காரணம் சாம் பார்க்கர்.

பிரின்ஸ்டனில் ஹென்றியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த கறுப்பினத்தவர் அவர். அந்தக் காலத்து பேட்டரி என்பது அமிலமும் துத்தநாகத் தகடும். கையும் துணியும் பாழாகிற வேலை. ஒரு கடிதத்தில் ஹென்றி எழுதுகிறார்: நிர்வாகம் தனக்கு ஒரு கறுப்பினப் பணியாளரைத் தந்திருக்கிறது, பேட்டரிகளைக் கையாள அவருக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று, ஆய்வகத்தின் அழுக்கு வேலையெல்லாம் இனி அவர் பொறுப்பு. புதிதாக வந்து சேர்ந்த ஒரு கருவியைப் பற்றிச் சொல்கிற தொனி அது. படிக்கும்போது மனசு கனத்துவிடுகிறது. அப்புறம் சாமுக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் சோதனைகளே நின்றுபோகின்றன. அச்சான கட்டுரைகளை மட்டும் படிப்பவருக்கு அந்த ஆய்வகத்தில் ஹென்றி ஒருவர்தான் தெரிவார். கடிதம் படித்தால்தான், இன்னொருவர் கை இல்லாமல் அங்கே வேலையே ஓடவில்லை என்று புரிகிறது.

இவ்வளவும் ஒரு தீ விபத்தில் எரிந்தது போக மிஞ்சிய காகிதங்களிலிருந்து கிடைத்தது. 1865 ஜனவரியில் ஸ்மித்சோனியன் கட்டடத்தில் ஓவியக்கூடத்தில் வேலை செய்தவர்கள் குளிருக்கு ஓர் அடுப்பு வைத்தார்கள். புகைக்குழாயைச் சுவரில் இருந்த ஒரு துளையில் செருகினார்கள். அது புகைபோக்கி அல்ல, சுவருக்கும் அதன் உள்பக்கச் செங்கல் அடுக்குக்கும் நடுவே இருந்த வெற்றிடம். நாள்கணக்கில் கனன்று, 24ஆம் தேதி கூரை பற்றிக்கொண்டது. செயலாளர் அறையில் இருந்த நிறுவனத்தின் கடிதப் போக்குவரத்து சாம்பலானது. நிறுவனத்துக்குப் பணம் விட்டுச்சென்ற ஸ்மித்சனின் சொந்தக் காகிதங்களும் அதோடு போயின. ஒரு குழாயைத் தவறான ஓட்டையில் வைத்ததற்கு இவ்வளவு விலை! எத்தனை சாம் பார்க்கர்கள் அதில் எரிந்தார்களோ.

ஹென்றி குடும்பம் அதே கட்டடத்தின் கிழக்குப் பகுதியில் குடியிருந்தது, அங்கே தீ பரவவில்லை. 1878இல் ஹென்றி இறந்த பிறகு, மகள் மேரி தேடித்தேடி காகிதங்களைச் சேர்த்தார், கையாலேயே படியெடுத்தார். தந்தியைக் கண்டுபிடித்தவர் என்று மோர்ஸுக்குப் போன பெயரில் அப்பாவுக்கு உரிய பங்கை நிலைநாட்ட வேண்டும் என்பது அவருடைய வேகம். எழுத நினைத்த வரலாற்றை அவரால் முடிக்க முடியவில்லை. என்னைக் கேட்டால், முடித்திருந்தாலும் இந்தச் சேகரிப்புக்கு ஈடாகியிருக்காது. அப்பாவின் புகழுக்காகத் திரட்டியதில்தான் மற்றவர்களும் பிழைத்திருக்கிறார்கள்.

ஹென்றியின் கடிதங்களும் நோட்டுகளும் பின்னாளில் அச்சேறின. 1972இல் முதல் தொகுதி வந்து, பதிப்பு மொத்தம் 12 தொகுதிகளாக நிறைவடைந்தது. அதில் சில ஆவணங்களுக்கு மூலம் கிடைக்கவில்லை. மேரியின் கையெழுத்துப் படியை வைத்துத்தான் அச்சிட்டிருக்கிறார்கள்.