மூன்றாம் வருடத் தசமபாகம் யாருக்கு?
தசமபாகம் (வரவில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) முழுக்க ஆலயத்துக்கே சேர வேண்டும் என்று சிலர் பைபிளில் மல்கியா 3:10-ஐ மட்டும் வைத்துச் சொல்வது பாதிக் கணக்கு. உபாகமம் 14:28-29 படி மூன்றாம் வருடத்துத் தசமபாகம் அந்தந்த ஊரிலேயே இருக்கும். ஆலயப் பணி செய்யும் லேவியனோடு பரதேசி (அந்நியன்), திக்கற்ற பிள்ளை, விதவை எல்லோரும் அதைச் சாப்பிட வேண்டும். அதற்கும் மேலே லேவியராகமம் 19:9-10: வயல் ஓரத்தை அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை ஏழைக்கு விட்டுவிடு. நம் பக்கம் கடலைக்காய் பிடுங்கிய காட்டில் விட்டுப்போன காயைப் பொறுக்க விடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான்; ஆனால் அங்கே அது காட்டுக்காரர் தயவு இல்லை, சட்டம். கொடுக்கும் முறைக்கு 1 கொரிந்தியர் 16:2 போதும்: வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கபடி, தனியே எடுத்துவை. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கும் திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. மிச்சமானதைப் போடலாம் என்று இருந்தால் செவ்வாய்க்குள் மளிகைக் கடை பாக்கியிலேயே கரைந்துவிடும். உதவினால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். 2 தெசலோனிக்கேயர் 3:10 சாப்பிடக் கூடாது என்று சொல்வது வேலை செய்ய மனதில்லாதவனை. வேலை கிடைக்காதவனை அல்ல. சபை ஆதரிக்கும் விதவைகள் பட்டியலுக்குக்கூட 1 தீமோத்தேயு 5-இல் 60 வயது வரம்பு உண்டு, சொந்தக்காரர் இருந்தால் முதல் பொறுப்பு அவர்களுடையது. பல சபைகளில் இடறுவது வேறு இடத்தில்: காணிக்கையை எண்ணுகிறவரும் பங்கிடுகிறவரும் ஒரே ஆள். இந்தக் கடிதங்களை எழுதிய அப்போஸ்தலர் பவுலே, சபைகள் ஏழைகளுக்குக் கொடுத்த பணத்தைத் தனியாகத் தொடவில்லை, குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்று கூட ஆள் வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:18-21).