பூசிய துணியில் ஊசி ஓடும்போது

கில்ட் (quilt: மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பது) கலைஞர் ஒருவரின் வளர்ச்சி பற்றி ஒரு கட்டுரை படித்தேன். கடை அச்சுத் துணியை விட்டு, வெள்ளைப் பருத்தியில் தானே வண்ணம் பூசி வெட்டித் தைக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்குத் தனிப் பாணி வந்தது என்கிறது அது. சரி. ஆனால் சாயமும் பெயிண்டும் ஒன்று என்பதுபோல் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

சாயம் இழையோடு பிணைந்துவிடும், துணியின் மென்மை போகாது. பெயிண்ட் இழையின் மேல் ஒட்டி உட்காரும். காய்ந்ததும் பெரும்பாலும் இஸ்திரிச் சூடு கொடுத்து நிலைப்படுத்த வேண்டும். கனமாகப் பூசினால் துணி விறைக்கும். தையலைப் பிரித்தால் ஊசி ஓட்டை மூடாமல் அப்படியே பல்லிளிக்கும். அதனால்தான் துணிக்கான மீடியம் (பெயிண்டை இளக்கித் துணிக்கு ஏற்றதாக்கும் திரவம்) கலந்து மெல்லிய பூச்சாக ஏற்றுகிறார்கள். ஈரத் துணியில் நிறம் பரவும், காய்ந்த துணியில் கோடு நிற்கும். எந்த இடத்துக்கு எது என்று கைக்குப் பிடிபடுவதைத்தான் நான் வளர்ச்சி என்பேன், கட்டுரை தரும் கண்காட்சிப் பட்டியலை அல்ல.

அப்புறம், மூன்று அடுக்கையும் தைத்து முடித்துவிட்டு மேலே வண்ணம் பூசும் முறையும் உண்டு. உலர்ந்த தூரிகையால் லேசாகத் தேய்த்தால் மேடுகள் நிறம் பிடிக்கும், தையல் பள்ளங்கள் வெளுத்தே இருக்கும். கட்டுரை அதைத் தொடவே இல்லை. கில்ட்டின் பின்பக்கப் படம் ஒன்றாவது போட்டிருக்கலாம்.