பிடித்ததற்கு எதற்குச் சான்றிதழ்?

கொஞ்ச நாளாகவே ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருக்கிறது. தனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி எழுத வருகிற யாரும் பிடித்திருக்கிறது என்பதோடு நிறுத்துவதில்லை. உடனே பலன்களைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். காலையில் இசை கேட்பேன் என்கிறவர், அடுத்த வரியிலேயே அது மூளைக்கு நல்லது என்கிறார். செடி வளர்க்கப் பிடிக்கும் என்கிறவர், மன அழுத்தம் குறையும் என்கிறார். கவிதை படிக்கிறவர்கூட, கவனம் கூடும் என்று சொல்லித்தான் கவிதையை நம்மிடம் நீட்டுகிறார். பாவம் கவிதை, வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால்தான் வீட்டில் சோறு என்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

எனக்கு இது சரியாகப் படவில்லை. பிடித்தது என்றால் பிடித்தது. அதை மட்டும் சொல்லக் கூச்சமாக இருப்பதால் அறிவியலைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். அப்படி வருகிற அறிவியலும் பாதி நேரம் அரைகுறையாகத்தான் வந்து சேர்கிறது.

ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர் மொசார்ட்டின் இசையைக் கேட்டால் புத்தி கூடும் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அது எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள். 1993இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு சின்ன ஆய்வுக் குறிப்பு வந்தது. கல்லூரி மாணவர்கள் 36 பேர். மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, மடித்து வெட்டிய காகிதம் பிரித்தால் எப்படி இருக்கும் என்பது மாதிரியான கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்த விளைவும் போய்விட்டது. அவ்வளவுதான் சங்கதி. அந்த ஆய்வில் குழந்தை என்று ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், மாநிலத்தில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத் தட்டு கொடுக்க வேண்டும் என்று அரசு நிதி கேட்டார்!

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அடுத்த வருடம் நடந்ததுதான். கனடாவில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், மொசார்ட்டின் இசையோடு வாசித்துப் பதிவுசெய்த ஒரு கதையையும் போட்டுப் பார்த்தார்கள். கதைதான் பிடித்தது என்று சொன்னவர்கள் கதை கேட்ட பிறகு நன்றாகச் செய்தார்கள். இசை பிடித்தவர்கள் இசை கேட்ட பிறகு. ஆக, மொசார்ட்டிடம் தனி மந்திரம் எதுவும் இல்லை. பிடித்ததைக் கேட்டதில் மனசு கொஞ்சம் விழித்துக்கொண்டது, அதுதான் நடந்தது. பலனைத் துரத்திக்கொண்டு போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் ‘பிடித்திருக்கிறது’ என்பதில்.

(ஆய்வை வைத்து மிரட்டாதீர்கள் என்று சொல்வதற்கு நானே ஆய்வுகளை அடுக்குகிறேன். தெரிகிறது. இன்னும் இரண்டு இருக்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நடைப்பயிற்சிக்கு வருவோம். நடப்பது எனக்கு உயிர். ஆனால் நடையைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே, பத்தாயிரம் அடி ஆச்சா என்கிறார்கள். இந்தப் பத்தாயிரம், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்த எண். ஆராய்ந்து கண்டுபிடித்த அளவு இல்லை. 2019இல், சராசரியாக 72 வயதான பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஒரு நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதலாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எண்ணிக்கை வேண்டும் என்கிறவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள். நான் எண்ணுவதில்லை. தினமும் போகிற அதே தெருவில் ஒரு நாள் எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து வந்தால், எல்லா வீடும் வேறு வீடாகத் தெரியும். எனக்கு நடப்பதில் பிடித்தது அதுதான்.

சரி, பிடித்ததைப் பலனோடு சேர்த்துச் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இசை, புத்தகம் வரைக்கும் நஷ்டம் இல்லைதான். உடம்பு, மனசு என்று வரும்போது இருக்கிறது. நெடுநாள் நோயோடு இருப்பவரின் செல்பேசியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். மூச்சுப் பயிற்சி, நன்றிக் குறிப்பேடு, அதிகாலையில் எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது என்று ஆளாளுக்கு ஒன்றை அனுப்பியிருப்பார்கள். எல்லாம் அன்பில் அனுப்பியதுதான், சந்தேகமில்லை. ஆனால் ‘எனக்கு இது பிடித்திருந்தது’ என்று அனுப்பியிருந்தால், அவர் வேண்டுமானால் பார்ப்பார், இல்லாவிட்டால் விட்டுவிடுவார். ‘இதைச் செய், சரியாகிவிடும்’ என்று வரும்போது, சரியாகாததற்கும் அவரே பொறுப்பு என்றாகிவிடுகிறது. மனச்சோர்வில் இருப்பவருக்கு இது இரட்டைச் சுமை. சிகிச்சை என்று சொன்னால் ஆதாரம் வேண்டும், மருத்துவர் வேண்டும். விருப்பத்துக்கு இரண்டும் வேண்டாம். சிகிச்சையையும் விருப்பத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டுவதில்தான் எனக்குப் பிரச்சினை.

இன்னொரு பக்கம், எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்பதையே காரணமாகச் சொல்கிற வழக்கம். 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு சோதனையில், பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அதிகம் அறியப்படாத 48 பாடல்களை இணையத்தில் கேட்க வைத்தார்கள். சிலருக்கு, மற்றவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்று காட்டினார்கள். சிலருக்குக் காட்டவில்லை. எண்ணிக்கை கண்ணில் பட்ட குழுக்களில், மேலே போன பாட்டு இன்னும் மேலே போனது. அதைவிட வேடிக்கை, ஒரு குழுவில் கொடிகட்டிப் பறந்த பாட்டை இன்னொரு குழுவில் சீண்ட ஆளில்லை. ரொம்ப நல்ல பாட்டு அடியோடு விழுந்தது அபூர்வம், ரொம்ப மோசமானது உச்சிக்குப் போனதும் அபூர்வம். நடுவில் இருந்ததெல்லாம் எப்படி வேண்டுமானாலும் ஆனது. அதனால்தான் ‘கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து’ என்று எதையாவது பார்த்தால் நான் நகர்ந்துவிடுகிறேன். அதே ஆள், பத்தில் ஒன்றை மட்டும் எடுத்து, எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று நாலு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே தேடிப் போயிருப்பேன்.

அப்புறம், அனுப்பிய அரை மணி நேரத்தில் ‘கேட்டியா? எப்படி இருக்கு?’ என்று கேட்கிறவர்கள். உங்களைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

சரி, இவ்வளவு பேசிவிட்டு என்னுடையதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. கச்சேரி தொடங்குவதற்கு முன் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கிற நேரம் எனக்குப் பிடிக்கும். சில நாள் கச்சேரியைவிட. புத்தகத்தின் முன்னுரையைக் கடைசியில் படிக்கப் பிடிக்கும், அதற்குள் நமக்கும் ஓர் அபிப்பிராயம் வந்திருக்கும், சண்டை போடலாம். பழைய குடும்பப் புகைப்படங்களில் ஆட்களை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பார்க்கப் பிடிக்கும்: பாதி திறந்த கதவு, கொடியில் காயும் துணி, படத்தில் இருப்பது தெரியாமல் நடந்து போகிற யாரோ ஒருவர். பிடித்த வாக்கியத்தைக் கையால் எழுதி வைக்கப் பிடிக்கும். மறதிக்கு நல்லதா என்று கேட்காதீர்கள், எழுதிய நோட்டை எங்கே வைத்தேன் என்பதே ஞாபகம் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு முன்மாதிரி, பிபிசி வானொலியில் 1942இல் ராய் பிளம்லி தொடங்கிய ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’. ஆளில்லாத தீவில் தனியாக மாட்டிக்கொண்டால் எந்த எட்டு இசைத் தட்டுகள் வேண்டும் என்று விருந்தினரைக் கேட்பார்கள். ஒவ்வொன்றும் ஏன் என்று அவர் சொல்லும்போது, அவருடைய வாழ்க்கையே அதில் வந்துவிடும். அப்புறம் ஒரு புத்தகம், ஒரு ஆடம்பரப் பொருள். அந்தப் பொருளுக்கு ஒரு நிபந்தனை உண்டு: தீவில் பிழைக்கவோ தப்பிக்கவோ துளியும் பயன்படக் கூடாது. இப்படி ஒரு விதியை யோசித்தவரைக் கும்பிட வேண்டும்.

எட்டு இசைத் தட்டுகளை இன்னும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை, வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஆடம்பரப் பொருளில் மட்டும் குழப்பமே இல்லை. ஊஞ்சல். அதில் ஆடினால் முதுகுக்கு நல்லது என்று தயவுசெய்து யாரும் வந்து சொல்லாதீர்கள், கொண்டுபோக விடமாட்டார்கள்.