ருசி பார்க்க ஒரு கரண்டி போதாது

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னையில் நடந்த ஓர் உணவுக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். டிக்கெட் எடுத்து உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாக் கடைகளிலும் ருசி பார்க்கலாம். பல் குத்தும் குச்சியில் செருகிய அல்வாத் துண்டு, இருமல் மருந்து மூடி அளவுக் காகிதக் கோப்பையில் டீ, ஐஸ்கிரீம் கரண்டியில் தேன். முதல் வரிசையைத் தாண்டுவதற்குள் பதினொரு கடைகளில் கை நீட்டியிருந்தேன். அம்மா ஒன்றையும் தொடவில்லை. "வாங்கப் போகிறாயா? இல்லையென்றால் எதற்காக அவர்கள் பொருளைத் தின்கிறாய்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எனக்குத்தான் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில் ஒரு டப்பா தினை உருண்டை வாங்கினேன். பன்னிரண்டு உருண்டைகள். கடையில் கொடுத்த விள்ளல் நாக்கில் பட்டதும் நெய், வெல்லம், ஏலக்காய் மூன்றும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்விட்டன. வீட்டுக்கு வந்து முழு உருண்டையைத் தின்றபோதுதான் விஷயம் புரிந்தது. பாதியிலேயே திகட்டிவிட்டது. தினை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தம்பி மகனிடம் ஒன்றைக் கொடுத்தேன்; ஒரு கடி கடித்துவிட்டு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இந்த ஏமாற்றம் உலகப் புகழ் பெற்றது. 1975இல் பெப்சி நிறுவனம் அமெரிக்காவில் கடைவீதிகளில் மேசை போட்டு, பெயர் காட்டாமல் இரண்டு சிறு கோப்பைகளைக் கொடுத்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டது. இனிப்பு சற்றுத் தூக்கலான பெப்சியைப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். கோகோ கோலாவும் தன் பங்குக்கு ருசிச் சோதனைகள் நடத்தி, 1985 ஏப்ரலில் பழைய கலவையை மாற்றி, இன்னும் இனிப்பான புதிய கோக்கை இறக்கியது. சோதனைகளில் வென்ற பானம்தான் அது. ஆனால் மக்கள் கொதித்தெழுந்தார்கள்; மூன்று மாதத்துக்குள் பழைய கோக் திரும்பி வந்தது. பழைய ருசியின்மீது இருந்த பாசமும் அதற்குக் காரணம்தான். இருந்தாலும், ஒரு மிடறில் ஜெயிப்பது வேறு, ஒரு முழுப் பாட்டிலைக் குடிக்க முடிவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

நம் கண்காட்சிகளிலும் அதுதான் நடக்கிறது. ஒரு கரண்டியில் ஜெயிக்க வேண்டும் என்றால் சர்க்கரையைக் கூட்டு, நெய்யைக் கூட்டு, ஊறுகாயில் உப்பைக் கூட்டு. "பாரம்பரியம்" என்று பலகை மாட்டிய கடைகள்கூட இந்த வழிக்கு வந்துவிட்டன. வரகு பிஸ்கட் என்கிறார்கள், வாயில் போட்டால் சர்க்கரை.

இதில் அடிபடுவது யார் என்பதைக் கடைசி வரிசையில், கழிப்பறைக்குப் பக்கத்தில் பார்த்தேன். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வைத்திருந்தார். மடித்த சாக்கின் மேல் ஒரு கருப்பட்டியை வைத்து உலக்கைப் பூணால் தட்டி, சில்லுகளாக்கித் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். வந்தவர்கள் அல்வாவும் தேனும் தின்ற வாயோடு ஒரு சில்லை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இனிப்புக் குறைவாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

அவர்களிடம் எப்படிச் சொல்வது? சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது கருப்பட்டி. நல்ல கருப்பட்டியில் இனிப்புக்கு அடியில் லேசான உவர்ப்பு இருக்கும், புகை வாடை இருக்கும். பதநீரோடு சீனியைச் சேர்த்துக் காய்ச்சுகிற கலப்படம் ஊரறிந்தது. அந்தச் சரக்கு நன்றாகத் தித்திக்கும். ஒரு சில்லு ருசிப் போட்டியில் கலப்படம்தான் முதல் பரிசு வாங்கும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரை கழிப்பறைக்குப் பக்கத்துக் கடையை முன்வரிசைக்குக் கொண்டுவரவில்லை.

அம்மா அன்று முதன்முறையாகக் கை நீட்டியது அங்கேதான். சில்லை உடனே வாயில் போடவில்லை. முதலில் முகர்ந்தார். உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, எப்போது காய்ச்சியது, மழைக்கு ஒழுகாமல் இருக்குமா என்று விசாரித்தார். ஐந்து நிமிடம் பேச்சு. இரண்டு கிலோ வாங்கினார். நான் பதினொரு கடைகளில் செய்ததற்கு ருசி பார்ப்பது என்று இனி பெயர் வைக்க மாட்டேன்.

குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பவர்கள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகளைச் சோதிப்பார்கள். அவர்களும் ஒரு கரண்டிதான் குடிக்கிறார்கள், அதையும் துப்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு கரண்டிக்குப் பின்னால் கட்டுப்பாடு இருக்கிறது. சர்வதேசத் தர விதிப்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு. பிறகு சர்ரென்று உறிஞ்சுவார்கள். நம் வீட்டில் அப்படிக் குடித்தால் முதுகில் ஒன்று விழும். கண்காட்சியில் தேனுக்குப் பிறகு டீ, ஊறுகாய்க்குப் பிறகு பால்கோவா. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், நமக்கு மறந்துவிடுகிறது.

ஒரே ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்காரர் புத்திசாலி. வெறும் எண்ணெயை யாருக்கும் நீட்டவில்லை. சூடான இட்லியில் கால்வாசி, மேலே பொடி, அதன் மேல் நல்லெண்ணெய். நின்று தின்றார்கள், வாங்கினார்கள். கவுனி அரிசியையும் இப்படித்தான் கொடுக்க வேண்டும்: பாயசமாக வேண்டாம், ஒரு கைப்பிடிச் சோறும் கொஞ்சம் குழம்பும். இருபது ரூபாய் வாங்கிக்கொள்ளட்டும். பொருள் வாங்கினால் கழித்துக்கொள்ளட்டும். ஐந்து கிராம் சில்லு என்றாலும் இருநூறு கைகள் நீண்டால் ஒரு கிலோ கருப்பட்டி காலி. கடை வாடகையும் கொடுத்துவிட்டு அதையும் அந்த அம்மாள் தாங்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

கொடுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்த மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிகளுக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல்லைக் கொடுப்பார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவர் மனிதர்" என்றார்.

எங்கள் வீட்டில் இப்போது காலைக் காப்பி கருப்பட்டிதான். தினை உருண்டை டப்பாவில் இன்னும் பத்து இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஒரே நிபந்தனை: என் எதிரில் உட்கார்ந்து ஒன்றை முழுதாகத் தின்ன வேண்டும்.