டேங்கில் எழுதிய பெயர் மட்டும் ஓடாது

ஹார்லி டேவிட்சன், இந்தியன் என்ற இரண்டு அமெரிக்க மோட்டார் சைக்கிள் நிறுவனங்களும் இன்றைக்கும் பிழைத்திருப்பது பழம்பெருமையால்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு இதில் சற்றும் உடன்பாடில்லை. இரண்டும் விழுந்து கிடந்த காலங்களில் பெயர் கைகொடுக்கவில்லை. தூக்கி நிறுத்தியது என்ஜின்தான்.

இந்தியனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1901-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தது. 1911-இல் ஐல் ஆஃப் மேன் தீவின் பைக் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அள்ளியது. 1953-இல் உற்பத்தி நின்றுபோனது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. 1955 முதல், இங்கிலாந்தில் தயாரான ராயல் என்ஃபீல்டு வண்டிகளின் டேங்கில் 'இந்தியன்' என்று எழுதி அமெரிக்கர்களிடம் விற்றார்கள். சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கியதும் அதே 1955-இல்தான். இங்கே அந்த வண்டி சொந்தப் பெயரில் ஓடி, தலைமுறை தலைமுறையாக அன்பைச் சம்பாதித்தது. அங்கே இரவல் பெயரில் ஐந்தாறு ஆண்டுகளில் அடங்கிப்போனது. 1999-இல் கலிபோர்னியாவில் இந்தியனுக்கு மறுபடி உயிர்கொடுக்க முயன்றவர்களும் வெளியில் வாங்கிய என்ஜினை வைத்துத்தான் தொடங்கினார்கள், 2003-இல் திவாலானார்கள். 2011-இல் இந்தியனை வாங்கிய போலாரிஸ் நிறுவனத்துக்கு விஷயம் புரிந்திருந்தது. 2013-இல் வண்டியைக் காட்டுவதற்கு முன்பே, தானே உருவாக்கிய தண்டர் ஸ்ட்ரோக் என்ஜினைக் காட்டியது.

ஹார்லியின் கதையும் இதுதான். 1969-இல் ஏ.எம்.எஃப். என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனபின் உற்பத்தி கூடியது, தரம் சரிந்தது. ஆயில் ஒழுகும் வண்டி என்ற கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. 1981-இல் ஹார்லியின் நிர்வாகிகள் 13 பேர் சேர்ந்து ஏ.எம்.எஃப்.பிடமிருந்து அதைத் திரும்ப வாங்கினார்கள். 1983-இல் அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு வெளிநாட்டுப் பெரிய பைக்குகளுக்கு விதித்த கூடுதல் வரிதான் ஹார்லியைக் காப்பாற்றியது என்பார்கள். வரி அவகாசம் கொடுத்தது, அவ்வளவுதான். 1984-இல் வந்த எவல்யூஷன் என்ஜின்தான் வாடிக்கையாளர்களைத் திரும்ப அழைத்துவந்தது. 1987-இல், கெடு முடியுமுன்பே வரியை நீக்கலாம் என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது.

ஊரெல்லாம் மயங்குகிற ஹார்லியின் அந்த ஓசையும் வெறும் விளம்பரத்தில் பிறந்ததல்ல. இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி கோணத்தில் நிற்கின்றன. இரண்டு பிஸ்டன்களின் தண்டுகளும், அவற்றின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டில் ஒரே முளையைப் பிடித்துக்கொண்டு சுழல்கின்றன. ஒரு சிலிண்டரில் எரிபொருள் வெடித்து, கிராங்க் 315 டிகிரி சுழன்றபின் மற்றதில் வெடிக்கும். அடுத்த வெடிப்புக்கு 405 டிகிரி காத்திருக்க வேண்டும். அதனால்தான் வண்டி நின்ற இடத்தில் நொண்டி நொண்டித் துடிக்கிறது. இந்த ஓசையை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய 1994-இல் ஹார்லி விண்ணப்பித்தது, போட்டியாளர்கள் எதிர்த்தார்கள், 2000-இல் கைவிட்டது. என்னைக் கேட்டால், அந்த வழக்குக்குச் செலவிட்ட பணத்தைப் பட்டறைக்குக் கொடுத்திருக்கலாம்.

இப்போது மறுபடி ஒரு சோதனைக் காலம். வண்டிகளின் விலை ஏறிவிட்டது. அமெரிக்க இளைஞர்கள் தந்தையரைப் போல இவற்றின் பின்னால் ஓடுவதில்லை. 2025 அக்டோபரில், இந்தியனின் பெரும்பான்மைப் பங்கை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக போலாரிஸ் அறிவித்தது. புதிய உரிமையாளர்கள் தொப்பியும் சட்டையும் எத்தனை விற்றாலும் எனக்குக் கவலையில்லை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இந்தியன் வண்டிகள் தயாராகும் ஸ்பிரிட் லேக் தொழிற்சாலையும், அந்த என்ஜின்களை வடிவமைக்கும் பொறியாளர்களும் அவர்களோடு இருக்கிறார்களா என்பதைத்தான் கவனிக்கப்போகிறேன்.