மாடியில் இருப்பவருக்கும் காப்பீடு தேவைதான்

சிங்கப்பூரில் வெள்ள அபாயம் தரைவீட்டுக்காரர்களின் கவலை மட்டுமே, அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாதி சரி. 1970களில் வெள்ளம் தேங்கக்கூடிய பகுதி 3,200 ஹெக்டேர், இப்போது 30க்கும் குறைவு என்பது பெரிய சாதனைதான். ஆனால் 2010ல் கடைத்தொகுதிகள் நிறைந்த ஆர்ச்சர்ட் சாலையே மூழ்கியதை மறந்துவிட முடியுமா? அதற்கப்புறம்தான் மழைநீரை வேறு பக்கம் திருப்பிவிடும் ஸ்டாம்ஃபர்டு திசைதிருப்பு கால்வாயும், அதைத் தேக்கி வைக்கும் நிலத்தடித் தொட்டியும் வந்தன.

பன்னிரண்டாம் மாடியில் இருப்பவர்கள் "எங்களுக்கென்ன" என்கிறார்கள். கார் எங்கே நிற்கிறது? நிலத்தடி கார் நிறுத்துமிடத்தில்! மூன்றாம் தரப்புக் காப்பீடு (நாம் அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கானது) மட்டும் வைத்திருந்தால் வெள்ளத்தில் கெட்ட காருக்கு ஒரு காசும் வராது. தண்ணீர் புகுந்த வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜினும் போய்விடும்.

அப்புறம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கான தீக் காப்பீடு. ஐந்தாண்டுச் சந்தாவே சில வெள்ளிதான், அதைக் கட்டிவிட்டால் எல்லாம் அடங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது வீட்டின் அடிப்படைக் கட்டமைப்புக்கு மட்டும். நீங்கள் போட்ட பார்க்கே மரத்தரை, அலமாரி, சோபா எதுவும் அதில் சேராது. அதற்குத் தனியாக வீட்டுப்பொருள் காப்பீடு எடுக்க வேண்டும். எடுக்கும்போது வெள்ளம் சேர்த்திருக்கிறதா, முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டும் என்று முகவரிடம் கேளுங்கள். சிரித்து மழுப்பினால் காப்பீட்டுப் பத்திரத்தையே வாங்கிப் படியுங்கள்.

தரைவீடு வாங்கப் போகிறவர்கள் தண்ணீர், வடிகால்களைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் (PUB) இணையத்தளத்தில் வெள்ளம் தேங்கும் இடங்களின் பட்டியலைப் பார்க்கலாம். புக்கிட் தீமா பக்கம் என்றால் கண்டிப்பாக. வீட்டை வெயிலில் மட்டும் பார்க்காமல், டிசம்பர் மழையில் ஒருமுறை போய் வாசல் சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா, கால்வாய் எவ்வளவு நிரம்புகிறது என்று பாருங்கள். வீட்டு முகவர் அந்த நேரத்தில் வரமாட்டார், பரவாயில்லை.